ஒன்பது பலகை

மூன்றாவது கரண்டி கஸ்டர்டை அப்பாவின் வாயருகே கொண்டுபோனபோதுதான் முதல் பலகை விழுந்தது.

தொம்.

ஹில்லியின் கை அப்படியே நின்றுவிட்டது. கிழவர் கண்ணைத் திறக்கவில்லை. மோவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, அவள் அடிமேல் அடி வைத்துப் போய் ஜன்னலோரம் இருந்த ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். காலை பத்தரை மணிக்கு ஏதோ ஓர் ஊர்த் தேவாலயத்துப் பாட்டுக்குழு பாடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் பாட்டுக்குழு என்றாலே ஆகாது. இன்றைக்குப் பொறுத்துக்கொள்ளட்டும், வேறு வழியில்லை.

தொம்.

வீடு ஊர்ச்சுவரின் ஆற்றுவாசலை ஒட்டினாற்போல் இருந்தது. அங்கே ஒருவன் தும்மினால் இங்கே கேட்கும். பாட்டுக்குழு என்ன, ராணுவ பேண்டே வாசித்தாலும் அந்தச் சத்தத்தை மறைக்க முடியாது என்று அவளுக்கே தெரியும்.

ஐந்து நாளாக அவள் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் கண் விழித்ததும் அப்பா கேட்கிற முதல் கேள்வி, "லோபித் எவ்வளவு?" என்பதுதான். சாகக் கிடக்கிற மனிதர். மகள் தூங்கினாளா, வலிக்கு மருந்து எங்கே, ஒன்றும் கிடையாது. லோபித் எவ்வளவு. ஆறு எல்லையைத் தாண்டி நாட்டுக்குள் நுழைகிற இடம் அது. இன்றைக்கு அங்கே ஏறுகிற தண்ணீர் நாளைக்கு இங்கே வந்து நிற்கும். ரோஸ்வார்டில் பிறந்தவர்களுக்கு அந்த எண் தெரியாமல் பல்கூடத் துலக்க முடியாது. ஹில்லி போனைப் பார்ப்பாள். பதினான்கு மீட்டர் இருபது, ஏறுகிறது என்று இருக்கும். "பதிமூணு எண்பது அப்பா. இறங்குது" என்பாள். மறுநாள் பதினான்கு எழுபது இருக்கும். "பதிமூணு அறுபத்தஞ்சு" என்பாள். இன்று காலை பதினைந்து பத்து. "பதிமூணு நாப்பது" என்று சொன்னபோது குரல் துளிகூட நடுங்கவில்லை. தன் வாயா இது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தொம். மூன்று.

ரோஸ்வார்ட் சின்ன ஊர். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒரு பிரபு நகரம் என்று பட்டம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அந்த மிதப்பு இன்னும் இறங்கவில்லை. ஊரைச் சுற்றிச் சுவர். சுவரில் ஸ்பெயின்காரன் சுட்ட பீரங்கிக் குண்டு ஒன்று பதிந்திருக்கிறது, அதற்கு வருஷா வருஷம் கறுப்புப் பெயிண்ட் அடிக்கிறார்கள். சுவருக்கு வெளியே, ஆற்றங்கரையில், கல்மேடைகள்மேல் ஏழு வீடுகள். உள்ளே இருப்பவர்கள் வெளியே இருப்பவர்களை 'ஈரக்கால்' என்பார்கள். வெளியே இருப்பவர்கள் உள்ளே இருப்பவர்களை என்ன சொல்வார்கள் என்பதை எழுத முடியாது. அப்படிப்பட்ட ஈரக்கால்களில் ஒருவரான அப்பா லுபெர்ட் முப்பத்தொரு வருஷம் ஆற்றுவாசலின் பலகைத் தலைவராக இருந்தார் என்பதில் உள்ளே பலருக்கும் கடைசிவரை வயிற்றெரிச்சல்.

ஆற்றுவாசலுக்குக் கதவு கிடையாது. வளைவின் இரண்டு பக்கத் தூண்களிலும் மேலிருந்து கீழ்வரை பள்ளமாகக் காடி வெட்டியிருக்கிறது. ஆறு ஏறினால் கனத்த ஓக் பலகைகளை அந்தக் காடியில் ஒவ்வொன்றாக இறக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளில் களிமண்ணும் குதிரைச் சாணியும் அப்புவார்கள். ஒரு பலகை ஓர் அடி உயரம். இறங்கி உட்காரும்போது ஒரு சத்தம். வெளிவீட்டுப் பிள்ளைகள் எழுத்துப் படிப்பதற்கு முன்னால் அந்தச் சத்தத்தை எண்ணப் படித்துவிடுவார்கள். எத்தனை பலகை போடுகிறார்களோ அதுவரை தண்ணீர் வரப்போகிறது என்று அர்த்தம். ஆறு என்றால் வாசலுக்கு முந்தின கடைசிப் படி. ஏழு என்றால் வாசல். எட்டு என்றால் நாற்காலி. ஒன்பது என்றால் கட்டில்.

"ஒன்பது போட்டா வளைவுக்கும் பலகைக்கும் நடுவுல பூனை மட்டுந்தான் தாண்டும்" என்பார் அப்பா. அவர் காலத்தில் ஒன்பது போட்டது ஒரே ஒரு தடவைதான்.

அது தொண்ணூற்றைந்தில். ஊரோடு காலி பண்ணச் சொல்லி உத்தரவு வந்தது. அப்பா பலகையோடு இருந்துகொண்டு, அம்மாவை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். அம்மாவுக்கு இதயம் சரியில்லை, போகமாட்டேன் என்று வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். "மூணே நாள் வில்லெமின். வந்துடுவே" என்று விரலைப் பிரித்து எடுத்தவர் அப்பாதான். மூன்றாம் நாள் எங்கோ ஒரு நகரத்தின் விளையாட்டு அரங்கில், நானூறு பேருக்கு நடுவில், கூடைப்பந்துக் கம்பத்துக்குக் கீழே மடக்குக் கட்டிலில் அம்மா செத்துப்போனாள். தண்ணீர் வாசலுக்கு நாலு விரற்கடை கீழே நின்று, அப்படியே திரும்பிப் போய்விட்டது. அம்மாவின் கட்டில் நனையவே இல்லை. அதற்கப்புறம் அப்பா அந்தக் கட்டிலில்தான் தூங்கினார், அவள் படுக்கிற பக்கமாக.

அக்டோபரில் டாக்டர்கள் கைவிரித்ததும் ஹில்லி வடக்கே இருந்த தன் வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு வந்தாள். வந்த அன்றே அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "என்னைத் தூக்கிட்டுப் போயிடாதே. இந்தக் கட்டில்ல சாகணும்." சரி என்றாள். கையைப் பிடித்துச் சொல்லச் சொன்னார். பிடித்துச் சொன்னாள்.

தொம். நான்கு.

அண்ணன் எவெர்ட் நேற்று வந்து கத்திவிட்டுப் போயிருந்தான். அப்பாவுக்குப் பிறகு பலகைத் தலைவர் அவன்தான், ஆனால் அவன் குடியிருப்பது சுவருக்கு உள்ளே. அப்பா அதை மன்னிக்கவில்லை. மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் மூட்டை கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள், இந்த வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது என்று மேயரிடம் அவனுக்கு வசவு.

"முதியோர் இல்லத்துல பேசிட்டேன். ஏதாவது ஓர் அறையில இடம் தருவாங்க. கிளம்புங்க" என்றான்.

"தண்ணி எதுவரைக்கும் வரும்னு சொல்லு."

"கடைசிப் படியோட நிக்கும்னுதான் கணக்கு. உள்ள வராது. ஆனா அதுக்காக..."

"உள்ள வராதுல்ல? அப்ப நாங்க இங்கதான்."

"உனக்குக் கிறுக்கா ஹில்லி? ஆம்புலன்ஸ் வரமுடியாது. நர்ஸ் வரமுடியாது."

"சாகறதுக்கு எதுக்கு ஆம்புலன்ஸ்?"

அவன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். "உன் இஷ்டம். நாளைக்குச் சாயங்காலம் படகுல வந்து பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்குப் பார்க்கத் தெம்பில்லை என்று ஹில்லிக்குத் தெரியும். தெரிந்தாலும் கோபம் கோபம்தான்.

இன்று காலை நர்ஸ் ஃபெம்மி வந்து, வலி மருந்துப் பட்டையை மாற்றி ஒட்டி, நாடி பார்த்துவிட்டு, ஹில்லியைச் சமையலறைக்கு அழைத்துப்போனாள். "இன்னைக்கோ நாளைக்கோதான். பக்கத்துலயே இருங்க. வாசல் மூடறதுக்குள்ள நான் போயாகணும்" என்றாள். கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள். நல்ல பெண். ஹில்லிக்கு அழுகை வரவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ, இந்தக் கட்டிலில், படியோடு நின்ற தண்ணீருக்கு மேலே. அவ்வளவுதானே வேண்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிடலாம்.

ஐந்து. பாட்டுக்குழு முடிந்து ஒருவர் வானிலையைச் சொல்ல ஆரம்பித்தார். பதறிப்போய் ரேடியோவையே அணைத்தாள். அந்த நிசப்தத்தில் ஆறாவது பலகை விழுந்தது.

அவ்வளவுதான், முடிந்தது என்று அவள் மூச்சை விட்டாள். எவெர்ட் சொன்ன கணக்கு சரி. கடைசிப் படி. இனி காப்பி குடிக்கப் போவார்கள். ஆளுக்கு ஒரு பிஸ்கட், இரண்டாவதை எடுத்தால் முறைக்கிற ஊர் இது. கஸ்டர்ட் கிண்ணத்தைக் கழுவிவிடலாம் என்று எழுந்தாள்.

தொம்.

கிண்ணத்தோடு நின்றாள். ஒருவேளை தப்பாக எண்ணிவிட்டோமோ? இல்லை, அவளுக்குத் தப்பாது. ஐந்து வயதில் எண்ணப் படித்தவள்.

தொம். எட்டு.

கடவுளே, போதும் என்றாள் வாய்க்குள். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று. யாரோ ஏதோ கத்துகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள். அப்புறம் நிதானமாக, கடைசியாக ஒன்று விழுந்தது.

"ஒன்பது" என்றார் அப்பா.

கண் திறந்திருந்தது. பலகைத் தலைவரின் கண், தெளிவாக, கூரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்பா, அது வந்து..."

"லோபித் எவ்வளவுன்னு சொன்னே?"

"பதிமூணு நாப்பது."

"பதிமூணு நாப்பதுக்கு எவனும் பலகையைத் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டான்டி." கோபமே இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார்.

"எப்பலேருந்து தெரியும்?"

"முதல் நாள்லேருந்து."

"பின்ன ஏன் தினமும் கேட்டீங்க?"

"நீ சொன்ன நம்பர் நல்லா இருந்துச்சு."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒன்பது. எவெர்ட் அப்பட்டமாகப் பொய் சொல்லியிருக்கிறான். தான் அப்பாவிடம் சொன்னதுபோலவே அவன் தன்னிடம் சொல்லியிருக்கிறான், கலவரப்படாமல் இருக்கட்டும் என்று. ஏறுகிற தண்ணீர் ராத்திரிக்குள் இந்த மெத்தைக்கு வந்துவிடும். பரணுக்குப் போகிற படி ஏணி மாதிரி செங்குத்தானது. எண்பத்தெட்டு வயதுக்காரரை அவள் ஒருத்தி எப்படிச் சுமப்பாள்?

"நீ பரணுக்கு ஏறிக்கோ" என்றார் அப்பா. "என்னை விட்டுடு."

"விட்டுட்டா?"

"கொஞ்ச நேரம் குளிரும். அப்புறம் ஒண்ணும் தெரியாது."

"பேசாம இருங்கப்பா!"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தில் என்ன பார்த்தாரோ, விரலை மட்டும் அசைத்தார்.

"சரி. அவனைக் கூப்பிடு."

"நீங்கதானே போகமாட்டேன்னு..."

"கூப்பிடுடி. ஒன்பது போட்டிருக்கான்."

எவெர்ட் முதல் மணியிலேயே போனை எடுத்தான். "அப்பாவை உள்ள கொண்டு போகணும். ஆள் அனுப்பு" என்றாள்.

"இப்பவாவது புத்தி வந்துச்சே."

"நீ பொய்யன்டா எவெர்ட்."

"என்ன பொய்?"

"எல்லாமே பொய். சண்டை போட எனக்கு நேரமில்ல. ஆள் அனுப்பு."

"எனக்கு மட்டும் இருக்கா?" என்று அவன் வைத்துவிட்டான்.

ஆள் வருவதற்குள் அவள் கைக்கு வந்ததையெல்லாம் உயரத்தில் ஏற்றினாள். கம்பளத்தைச் சுருட்டி மேஜைமேல் போட்டாள். அம்மாவின் படத்தை அலமாரி உச்சியில் வைத்தாள். கட்டிலுக்கு அடியில் அப்பாவின் கம்பளிச் செருப்பு ஜோடியாக, முனை வெளியே பார்க்க இருந்தது. மூன்று வாரமாக அவர் காலே தரையில் படவில்லை. அதையும் எடுத்து அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மார்புவரை ரப்பர் உடுப்பு போட்ட நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். எல்லோருமே அப்பாவிடம் பலகை தூக்கக் கற்றவர்கள். "என்ன தலைவரே, சுவருக்கு உள்ள வர மனசு வந்துடுச்சா?" என்றான் ஒருவன். அப்பா, "காப்பிக்கு ரெண்டு பிஸ்கட் குடுத்தா வரேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு இரைத்தது. போர்வையோடு எடுத்துக் கட்டினார்கள். வாசல் நிலையைத் தாண்டும்போது ஹில்லி திரும்பிக் கட்டிலைப் பார்க்கவில்லை.

வெளியே பனியும் மழையும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. ஆறு கரையேறி, படிக்குக் கீழே முழங்கால் ஆழத்துக்குப் பழுப்பாக நின்றது. ஆற்றுவாசலில் பலகைச் சுவர் எழும்பியிருந்தது, இடுக்கெல்லாம் சாணி. அதற்கு மேலே எவெர்ட்டின் முகமும் இன்னும் இரண்டு முகங்களும் தெரிந்தன. தூக்கியவர்கள் தண்ணீரில் நின்றபடி ஸ்ட்ரெச்சரைத் தோளுக்கு உயர்த்தினார்கள். அந்தப் பக்கம் இருந்தவர்கள் கையை நீட்டித் தலைமாட்டைப் பிடித்தார்கள். தான் முப்பத்தொரு வருஷம் போட்டு எடுத்த பலகைகளுக்கு மேலே கிழவர் மெல்ல நகர்ந்தார்.

பாதி தாண்டியபோது போர்வைக்குள்ளிருந்து அவருடைய வலது கை வெளியே வந்தது. பலகைமேல் விழுந்து, தடவியது. மேல் விளிம்பில் கட்டைவிரலை ஊன்றி, சுண்டுவிரலைக் கீழே நீட்டி, பலகையும் பலகையும் சேருகிற இடத்தில் நின்றது.

"சின்னது" என்றார்.

ஹில்லிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சின்ன வயதில் அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். எவெர்ட் பெரியது, அவள் சின்னது. அவள் வேலை கிடைத்து வடக்கே போனதிலிருந்து அந்தப் பேர் அவர் வாயில் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். அவள் முழங்கால் தண்ணீரில் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள்.

"இங்கதான் இருக்கேன் அப்பா. சின்னது இங்கதான் இருக்கேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஸ்ட்ரெச்சர் அந்தப் பக்கம் போய்விட்டது, கையும் நழுவிப்போயிற்று. அவள் பலகையில் தலையைச் சாய்த்து அழுதாள். ஐந்து நாளில் முதல் தடவை. யாரோ அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கி மேலே ஏற்றிவிட்டார்கள்.

முதியோர் இல்லத்தில் படுக்கை காலியில்லை. வெளிவீட்டு வயதானவர்களை எல்லாம் ஏற்கெனவே சேர்த்திருந்தார்கள். சக்கர நாற்காலிகளை நிறுத்திவைக்கிற அறையை ஒதுக்கி, ஒரு கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாற்காலிகளை ஓர் ஓரமாக மடக்கி அடுக்கினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச்சீட்டு தொங்கியது. சுவரில், நிறுத்தும்போது பிரேக் போடவும் என்று எழுதி ஒட்டியிருந்தது. ஜன்னல் இல்லை.

இந்தத் தடவை லோபித் எவ்வளவு என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஹில்லி போனைக் கையிலேயே வைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. கண் திறந்தே இருந்தது, பிரேக் போடச் சொன்ன காகிதத்தைப் பார்த்தபடி. அவள், "அப்பா, நான்தான்" என்றாள். "வலிக்குதா?" என்றாள். உதட்டை நனைத்துவிட்டாள். மத்தியானம் மூன்றேகாலுக்கு மூச்சு ஒரு தடவை நின்று, மறுபடி வந்து, நின்றுவிட்டது. வலது கை போர்வைக்கு மேலே விரிந்தே கிடந்தது. அவள் அதை மடக்கி வைத்தாள்.

எவெர்ட் சேற்றோடு வந்து நின்றான். தொப்பியை எடுத்தான். நடைக்கூடத்தில் இரண்டு பேரும் காகிதக் கோப்பையில் காப்பி குடித்தார்கள். சொன்ன சொல் தவறிவிட்டது, அம்மாவைப் போலவே அவரையும் ஏதோ அந்நிய இடத்தில் சாகவிட்டுவிட்டேன் என்று அவளுக்கு உறுத்தியது. அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. கையில் மிஞ்சியிருந்த ஒன்றைச் சொன்னாள்.

"கடைசியா என்னைத்தான் கூப்பிட்டார் எவெர்ட். சின்னதுன்னு கூப்பிட்டார். நீயும் கேட்டேல்ல?"

எவெர்ட் காப்பியைப் பார்த்தான்.

"கேட்டேன்" என்றான்.

பொறாமையாக இருக்கும், பாவம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அன்று அவள் தூங்கியது அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, அடக்கம் செய்கிறவர்கள் உடுத்திவிடத் துணி கேட்டார்கள். அப்பாவின் கறுப்புக் கோட்டு வீட்டில், அலமாரியில். கட்டில்வரை தண்ணீர் என்றாலும் கோட்டு உயரத்தில்தான் தொங்குகிறது, நனைந்திருக்காது என்று கணக்குப் போட்டாள். எவெர்ட் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் படகைக் கட்டியிருந்தான். இந்தப் பக்கம் ஓர் ஏணி சாத்தியிருந்தது. அவன் முன்னால் ஏறி இறங்கிப் படகில் நின்றான். அவள் ஏறிப்போய்ப் பலகைச் சுவரின்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் அண்ணாந்து பார்த்தாள். வளைவு எங்கேயோ உயரத்தில் இருந்தது. பூனை அல்ல, குதிரையே தாண்டலாம்.

குனிந்து ஏணிப் பக்கம் பலகைகளை எண்ணினாள். ஒன்பது. ஏணிக்கு ஆறே படி. தெரு அவள் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. நேற்று இந்தப் பலகைகளுக்கு மேலே எவெர்ட்டின் முகத்தைப் பார்த்தாளே. ஸ்ட்ரெச்சர் தோளுயரத்தில் போயிற்றே. பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

கையை நீட்டினாள். மேல் விளிம்பில் கட்டைவிரல், அடுத்த பலகை சேருகிற இடத்தில் சுண்டுவிரல். ஒரு சாண். அவளுடைய சின்னக் கைக்கே ஒரு சாண்தான்.

"எவெர்ட். இது நம்ம பலகை இல்ல."

அவன் துடுப்பைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"போன வருஷம் மாத்தினோம். ஓர் ஆள் இருபத்து மூணு கிலோவுக்கு மேல தூக்கக்கூடாதுன்னு புது விதி. பழைய பலகையை ரெண்டு ஆள் தூக்கினா விதி மீறல். அதே மரம், அதே தடிமன், உயரத்தை மட்டும் குறைச்சுட்டாங்க. இது ஒன்பது போட்டா பழசுல ஆறு." துடுப்பைக் கை மாற்றினான். "பழையதை அறுத்து டவுன்ஹால் முன்னாடி பெஞ்சு போட்டுட்டாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடும்னு, யாரும் அந்த வீட்டுல வாயைத் திறக்கக் கூடாதுன்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருந்தேன்."

"எங்கிட்டயுமா?"

"நீ அவர்கிட்ட எதையும் மறைக்கமாட்டேன்னு நினைச்சேன்."

ஆறு சுவரில் மோதி மோதிச் சளசளத்தது. ஹில்லி பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் எண்ணினேன்டா" என்றாள். "நாங்க ரெண்டு பேரும் எண்ணினோம். ஒன்பதுன்னு."

அவன் முகம் வெளுத்துப்போயிற்று. அதுவரை அவனுக்கு அது தெரியாது. படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"எவெர்ட், அப்பா நேத்து இங்க சொன்னது..."

"உன்னைத்தான் கூப்பிட்டார் ஹில்லி" என்றான் உடனே. "உன்னைத்தான். வேற எதுவும் இல்ல."

குரல் துளிகூட நடுங்கவில்லை. பதிமூன்று நாற்பது என்று அவள் சொன்னாளே, அதே குரல்.

அவள் படகில் இறங்கினாள்.

தண்ணீர் கடைசிப் படியோடு நின்றிருந்தது, அவன் சொன்னபடியே. வாசல் கல் காய்ந்திருந்தது. அவள் காலணியைக் கழற்றிவிட்டு, காலுறையோடு உள்ளே போனாள். கம்பளம் மேஜைமேல் சுருண்டு கிடந்தது. தலையணையில் அப்பாவின் தலை அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. கஸ்டர்ட் கிண்ணம் கழுவாமல் ஜன்னலோரம் இருந்தது. மெத்தைக்கு அடியில் கையைவிட்டுப் பார்த்தாள். தரையைத் தடவிப் பார்த்தாள். எங்கேயும் ஒரு சொட்டு ஈரமில்லை.

கோட்டை எடுத்து மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்து செருப்பை எடுத்தாள். இறங்கி, கட்டிலுக்கு அடியில், ஜோடியாக, முனை வெளியே பார்க்க வைத்தாள். ஒன்று கொஞ்சம் கோணலாக இருந்தது. குனிந்து சரிசெய்தாள்.

திரும்புகிற வழியில் கோட்டு நனையாமல் அவள் மடியில் உயர்த்திப் பிடித்திருந்தாள். ஆற்றுவாசல் பக்கத்தில் வந்ததும், எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

"லோபித் எவ்வளவு?"

"காலையில பதினாலு எழுபது. இறங்குது" என்றான் எவெர்ட். துடுப்பால் பலகையைத் தொட்டுப் படகை நிறுத்தினான். "அடக்கத்தன்னைக்குப் பதிமூணு நாப்பது இருக்கும்."